துணைக்குப் போகும் கோமளவல்லி

எந்த ஆஸ்பத்திரிக்குள் காலெடுத்து வைத்தாலும் கோமளவல்லியின் கண் முதலில் பிளக் பாயிண்டைத்தான் தேடும். செல்போனுக்கு சார்ஜ் போட வழியிருக்கிறது என்று தெரிந்ததும் பாத்ரூம் கதவை இழுத்துப் பார்ப்பாள். உள்தாழ்ப்பாள் ஒழுங்காக விழ வேண்டும். பிறகு வராந்தாவுக்கு வந்து, முந்தானையைத் தூக்கிப் பிடித்து, பாய் விரித்தால் எந்த மூலையில் ஃபேன் காற்று படும் என்று பார்த்து வைத்துக்கொள்வாள். டாக்டர், நர்ஸ் எல்லாம் அதற்கப்புறம்தான். அவளை நம்பி வந்த கர்ப்பிணிப் பெண் அதற்குள் தானே ஒரு பெஞ்சைத் தேடி உட்கார்ந்திருப்பாள்.

திருப்புலிவனத்தில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் கோமளவல்லி புருஷனோடு மாவு மில் நடத்துகிறாள். அது பிழைப்பு. பிள்ளை பெறப் போகிறவளுக்குத் துணையாகப் போவது, அவள் வார்த்தையிலேயே சொன்னால், “சும்மா ஒரு ஆசைக்கு.” பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை விடுகிறார்கள். அந்த ஒரு இடத்துக்கு யாரை அனுப்புவது என்று வீடுகளில் பஞ்சாயத்தே நடக்கும். பெற்ற தாயை அனுப்பினால் மகள் முனகுவதற்கு முன்னால் அவள் அழுகிறாள். மாமியாரை அனுப்பினால், தான் நாற்று நட்டுக்கொண்டிருந்தபோது வலியெடுத்த கதையை ஆதியிலிருந்து ஆரம்பித்துவிடுகிறாள். கடைசியில் யாராவது ஒருவர், “கோமளாக்காவ கூப்ட்டுடலாம்” என்பார். பஞ்சாயத்து அத்துடன் கலைந்துவிடும்.

யாருக்கு எப்போது பிரசவம் என்பது டாக்டருக்கு அடுத்தபடியாக அவளுக்குத்தான் தெரியும். நாள் நெருங்கிய வீட்டிலிருந்து சுக்கு, ஓமம், மிளகு, திப்பிலி என்று வறுத்துக் கட்டிய பொட்டலம் மில்லுக்கு வந்துவிடும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துப் பொடிக்காக. பொட்டலத்தை ஒரு தரம் முகர்ந்துவிட்டு, “எந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்பாள். பதில் எதுவாக இருந்தாலும் அவளிடம் ஒரு அபிப்பிராயம் தயாராக இருக்கும்.

“சுகாதார நிலையம் நல்லதுதாம்மா. நர்சம்மா தங்கம். ஆனா தொணைக்கு வந்தவ முதுவு சாய்க்க எடமில்ல. டவுன் நர்சிங் ஓமா? ஏசிய போட்டே கொன்னுடுவான், கம்பளி எடுத்துக்கினு போ. பெரிய ஆஸ்பத்திரியில கூட்டம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்தக் கேண்டீன் சாம்பாரு கீதே, கல்யாண வூட்டு சாம்பாரு தோத்துடும்.”

தாயின் ரத்த அழுத்தம், குழந்தையின் தலை எந்தப் பக்கம் என்பது மாதிரியான சில்லறை விஷயங்கள் இந்த அலசலில் வருவதில்லை. அதெல்லாம் டாக்டர் பாடு. சாம்பாரை யாராவது கவனிக்க வேண்டாமா என்பது அவள் கட்சி. அந்தச் சாம்பாரை நம்பியே பெரிய ஆஸ்பத்திரியை முடிவு செய்த குடும்பங்களும் உண்டு. பிரசவம் நல்லபடியாக முடிந்து, சாம்பாரும் நன்றாக இருந்ததில் கோமளவல்லியின் பேர் இன்னும் ஓங்கிவிட்டது.

உள்ளே போனால் அவள் செய்வது ஒன்றே ஒன்றுதான், கையைக் கொடுப்பாள். “எனக்கு ஒண்ணியும் தெரியாது நர்சம்மா, கைய மட்டும் குடுப்பேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். முதல் வலியிலிருந்து கடைசி வலி வரைக்கும் அவளுக்கு ஒரே வசனம்: “அவ்ளோதான், தோ வந்துட்ச்சி.” காலை நாஷ்டா நேரத்திலேயே வந்துவிட்ட அந்தக் குழந்தை, சாயங்காலம் விளக்கு வைக்கும்போதுதான் நிஜமாகவே வரும். நடுவில் சொன்ன பொய்களுக்காக யாரும் அவளைக் கோபித்துக்கொண்டதில்லை. கீழத்தெரு மஞ்சுளா மட்டும் வலியோடு வலியாக, “எங்கக்கா வந்துட்ச்சி, காட்டு பாக்கலாம்” என்று கேட்டாளாம்.

கோமளவல்லியின் முழங்கைக்குக் கீழே நகக் கீறல்கள் வரிவரியாக இருக்கும். மில்லில் ஆளில்லாத நேரத்தில் நாம் போய் நின்றால் போதும், கையை நீட்டிக் காட்டுவாள். “இது மஞ்சுளா. இது கீர்த்தி. இது அந்த மானாம்பதி பொண்ணு, பாக்க பூன மாதிரி இருந்துக்கினு இன்னா நகம்ன்ற!” பாதிக் கீறல்கள் மறைந்து பல காலமாகிறது. வெறும் தோலைத் தொட்டுக் காட்டிப் பேரைச் சொல்லுவாள். நாமும் பார்த்தோம் என்று தலையாட்டிவிட்டு வர வேண்டியதுதான். கதை சொல்லும்போதும் பாதிப் பங்கு அவளுக்கு. “நானும் கீர்த்தியும் பெத்தோமே, அந்தக் கொயந்த இப்ப பால்வாடி போவுது” என்பாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கிற நாட்களில் மில் அவள் புருஷன் பன்னீர்செல்வத்தின் கையில். கல்லை எவ்வளவு நெருக்கினால் மாவு எவ்வளவு நைசாக விழும் என்பது அவருக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிடிபடாத சங்கதி. மிளகாய் அரைத்த கையோடு கேழ்வரகைக் கொட்டிவிடுவார். மிளகாய்த்தூள் கொரகொரப்பாக இருந்து, கூழ் காரமாகவும் இருந்தால், ஊரில் யாருக்கோ பிரசவம் என்று ஜனங்களே புரிந்துகொள்ளும்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே பெண், சுபாஷ்ரீ. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. ஒரு பொருளைக் கையில் கொடுத்தால் நாலு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டாள். அதே கம்பெனியில் வேலை செய்யும் கதிர்வேல்தான் மாப்பிள்ளை. வளைகாப்பு முடிந்து சுபா தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். தலைப்பிரசவம் தாய்வீட்டுப் பொறுப்பு. எந்த ஆஸ்பத்திரி என்பதும் தாய்வீட்டு முடிவு. அந்த முடிவைக் கோமளவல்லி எப்போதோ எடுத்தாயிற்று, சுபாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்கும் முன்னாலேயே. பெரிய ஆஸ்பத்திரிதான். ஊருக்குச் சாம்பாரைச் சொன்னாலும் தனக்கென்று வைத்திருந்த காரணம் வேறு. அங்கேதான் தன்னை உள்ளே விடுவார்கள். ஊரான் பெண்களுக்கெல்லாம் கொடுத்த கையைப் பெற்ற பெண்ணுக்குக் கொடுக்கிற நாளுக்காகத்தான் இத்தனை வருஷமாக ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு.

சுபா சாவகாசமாகச் சொன்னாள். “ம்மா, காஞ்சிபுரம் ரோட்ல புதுசா ஒரு பிரசவ மையம் வந்துகீது. அங்க பாத்துக்கலாம்னு கீறோம்.”

“மையம்னா? கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறாங்களே, அதுமாதிரியா?”

“இதுக்குன்னே படிச்ச நர்சுங்க கீறாங்கம்மா. எல்லாம் நல்லா இருந்தாதான் அங்க பாப்பாங்க. கொஞ்சம் மாறினாலும் அவங்களே வண்டி வெச்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயிடுவாங்க. படுத்தே கெடக்க வேணாம், நடக்கலாம், உக்காரலாம். தொணைக்கு ஒருத்தர உள்ள விடுவாங்க, அவரே இருக்கறன்றாரு.”

“எவரு?”

“இன்னாம்மா கேக்கற. எங்க வூட்டுக்காரருதான்.”

எதிர்த்துப் பேசினால் பெண் பிடிவாதம் பிடிப்பாள் என்று கோமளவல்லிக்குத் தெரியும். ஒருதரம் போய்ப் பார்த்துவிடலாம் என்றாள். எந்த இடமாக இருந்தாலும் தன் கண்ணுக்கு ஒரு குறை அகப்படாமல் போகாது என்ற தைரியம்தான்.

மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு போனான். கோமளவல்லி பின்சீட்டில் முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணமாகி இத்தனை நாளில் மாப்பிள்ளையிடம் அவள் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் வீட்டுக்கு வந்தால் உள்ளறைக்குப் போய்விடுவாள்; காபிக்குச் சர்க்கரை போதுமா என்ற விசாரணைகூடச் சுபா வழியாகத்தான் போகும். பிரசவ அறையில் கூச்சநாச்சம் பார்க்காதவளுக்கு மாப்பிள்ளை விஷயத்தில் மட்டும் அத்தனை மரியாதை. வேகத்தடை வந்தபோதுகூட, “மெல்லமா போவச் சொல்லுடி அவர” என்றாள். கதிர்வேல் மெல்லப் போனான்.

அந்த மையத்தில் அவளுக்குப் பெரிய அதிர்ச்சி காத்திருந்தது. எல்லாம் சரியாக இருந்தது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே பிளக் பாயிண்ட் வைத்திருந்தார்கள். துணைக்கு வருபவர் படுக்க மெத்தை போட்ட பெஞ்சு. வெந்நீர் வரும் குழாய். கஞ்சி காய்ச்சிக்கொள்ள அடுப்போடு ஒரு சமையலறை. பாத்ரூம் தாழ்ப்பாள் ‘டக்’கென்று விழுந்தது, மறுபடி இழுத்தாள், மறுபடியும் விழுந்தது. குறை சொல்ல ஒன்றுமே கிடைக்காத ஒரு இடத்தில் நிற்பது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. பிரசவம் பார்க்கிற ஷீபா என்ற அம்மாள் வேறு, “அம்மா, உக்காருங்க, டீ சாப்பிடுறீங்களா?” என்று கேட்டுத் தொலைத்தாள். டீயும் நன்றாகவே இருந்தது.

ஷீபா பயிற்சியை ஆரம்பித்தாள். வலி வரும்போது பெண் எப்படி மூச்சு விட வேண்டும், எப்படி முன்னால் சாய்ந்து நிற்க வேண்டும், கூட இருப்பவர் முதுகில் எந்த இடத்தில் உள்ளங்கையை ஊன்றி அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். கதிர்வேல் பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி கவனமாகக் கேட்டுவிட்டு, சுபாவின் இடுப்புக்குக் கீழே கையை வைத்து அமுக்கினான். “ஆங், அங்கதான், அங்கதான்” என்று சுபா கண்ணை மூடிக்கொண்டாள். கோமளவல்லி எழுந்து ஜன்னல் பக்கம் போய், தோட்டத்தில் யாரோ நட்டு வைத்திருந்த வாழைக்கன்றை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மில்லுக்குத் திரும்பியதும் புகார்ப் படலம் தொடங்கியது. “ரொம்ப சுத்தம்மா அது. அவ்ளோ சுத்தம் ஒடம்புக்கு ஆவாது. வலி எடுத்தா எறங்கி உக்கார தண்ணித் தொட்டி ஒண்ணு வெச்சிகீறாங்க, கொயந்தைக்கு சளி புடிக்காது? சன்னமா பாட்டு வேற போடறாங்க. வலி வந்தா பொண்ணு கத்துவாளா, பாட்டு கேப்பாளா?”

சோள மூட்டையோடு நின்றிருந்த சொக்கம்மாள், “அப்ப நீ உள்ள போவலியா கோமளா?” என்று கேட்டாள்.

“நான் இன்னாத்துக்கு? அவங்க ரெண்டு பேரும் படிச்சவங்க, பாத்துக்குவாங்க” என்று சொல்லிவிட்டு மில்லைப் போட்டாள். அன்றைக்கு ஊரில் யாருக்கும் பிரசவமில்லை. ஆனாலும் மிளகாய்த்தூள் கொரகொரவென்று விழுந்தது. பன்னீர்செல்வம் அதை விரலில் தொட்டுப் பார்த்து, வாயைத் திறக்காமல் இருந்துகொண்டார். முப்பது வருஷக் குடித்தனத்தில் அவர் கற்றது அது.

சாயங்காலம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தபோது சுபாதான் பேச்சை எடுத்தாள்.

“ம்மா, கோவமா?”

“எனக்கு இன்னா கோவம்.”

“நீ உள்ள இருந்தா நான் கொயந்தயா ஆயிடுவம்மா. ஒன் மூஞ்சப் பாத்தா ஒண்ணுமில்லாததுக்கே அழுவேன். சின்ன வயசுல கீய விழுந்தா, நீ வர்ற வரிக்கும் கம்முனு இருந்துட்டு, ஒன்னப் பாத்தப்பறம்தான அழுவேன். அவரு இருந்தா கொஞ்சம் ரோஷமா இருப்பன். அதான்.”

அப்படியொரு காரணத்தோடு சண்டை போட முடியாது. அது மட்டுமில்லாமல் உண்மையும் கூட. பள்ளிக்கூட வாசலில் முட்டி தேய்ந்து நின்றவள், அம்மா தெருமுனை திரும்பியதும்தான் குரலெடுத்தாள். ஆனாலும் கோமளவல்லிக்கு மனசு வலித்தது. “காம்ப கிள்ளிப் போடுடி” என்று கீரையைச் சாக்காக வைத்துத் திட்டினாள்.

வெள்ளிக்கிழமை சிவன் கோயிலுக்குப் போனாள். மையம் வேண்டாம் என்று வேண்டிக்கொள்ள அவள் மனசு ஒப்பவில்லை, பெண் ஆசைப்பட்ட இடமாயிற்றே. அதனால் சாமர்த்தியமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ‘எங்க நடந்தாலும் சரி சாமி, அந்த நேரத்துல நான் எம்பொண்ணு பக்கத்துல இருக்கணும்’ என்று மட்டும் கேட்டாள். ஒருத்தர் மேலும் பழி வராத வேண்டுதல் என்று அவளுக்கே திருப்தி. நெய்விளக்கு ஒன்று கூடவே ஏற்றினாள்.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது ஷீபா சுபாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தாள். இடது பக்கமாகக் கொஞ்ச நேரம் படுக்கவைத்து, வேறு வேறு மிஷினில் மறுபடி இரண்டு தரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சுபாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். “சுபா, பிரஷர் ஏறியிருக்கு. பயப்படாத, ஆனா இது இங்க பாக்குற பிரசவம் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறதுதான் ஒனக்கும் கொழந்தைக்கும் நல்லது. நானே பேசிட்டு வண்டி அனுப்புறேன்.”

சுபாவின் கண்ணில் நீர் முட்டியது. கதிர்வேல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். கோமளவல்லி இதைத்தானே விரும்பினாள்? அவளோ ஷீபாவிடம் வாதாடிக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு வாட்டி பாரும்மா. மிசினு ரிப்பேரா இருக்கும்.”

“மூணு மிஷின்ல பாத்தாச்சும்மா.”

“பொண்ணு இங்கதாம்மா ஆசப்பட்டா. இங்க எல்லாம் நல்லாதான் கீது. அந்தத் தொட்டிகூட நல்லாதான் கீது. அங்க ஒரே கூட்டம்மா, பேஜாரு.” மிளகாய் அரைக்க வந்தவர்களிடம் ஒரு வாரமாகச் சொன்னதை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றிச் சொன்னாள். ஷீபா அவள் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தாள். அந்தக் கையை இதுவரை யாரும் அப்படித் தட்டிக்கொடுத்ததில்லை.

கோமளவல்லி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாமி தன் காதில் விழுந்ததை அப்படியே நிறைவேற்றிவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பக்கத்தில் இருக்கணும் என்று கேட்டவள், பிரஷர் ஏறாமல் இருக்கணும் என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டிருக்கலாம். கேட்கிறதை முழுசாகக் கேட்கத் தெரியாத தன் புத்தியைத் தானே நொந்துகொண்டாள். மாத்திரை போட்டு அடங்கிவிடும் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும், அடங்கிவிட்டது என்று வந்து சொன்ன பிறகும், அந்தக் குற்ற உணர்ச்சி மட்டும் அடங்கவில்லை.

இனித் தள்ளிப்போடுவது நல்லதில்லை என்று மறுநாள் காலையில் வலி வருவதற்கு மருந்து கொடுத்தார்கள். மத்தியானம் பிரசவ அறைக் கதவைத் திறந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

“சுபாஷ்ரீ கூட யாரு? ஒரு லேடீஸ் மட்டும் உள்ள வாங்க.”

கதிர்வேல் தன்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்துவிட்டு நின்றான். கையில் தண்ணீர் பாட்டிலும் துண்டும். மையத்தில் கற்றுக்கொண்டதை எங்கே வைப்பது என்று தெரியாத முகம். “போங்க அத்த” என்று பாட்டிலை நீட்டினான்.

கோமளவல்லி நகரவில்லை. ஊர்ப் பெண்களுக்காகக் கூப்பிட்ட மாத்திரத்தில் கதவுக்குள் மறைந்துவிடுகிறவள் அவள். உள்ளேயிருந்து சுபாவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, “முதுவு… முதுவு…” என்று முனகினாள். ரோஷத்தோடுதான் இருக்கிறாள். கோமளவல்லி தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். வெறும் கை இங்கே போதாது.

“சீக்கிரம்மா” என்றாள் நர்ஸ்.

“ஒரு நிமிசம் நர்சம்மா.” கோமளவல்லி கதிர்வேலின் முகத்தை நேராகப் பார்த்தாள். “மாப்ள, அந்தம்மா எந்த எடத்துல அமுக்கச் சொன்னாங்க?”

கதிர்வேல் திகைத்துப்போய்த் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினான். “இங்க அத்த. நடு எலும்புக்கு ரெண்டு பக்கமும். உள்ளங்கைய ஊனி…”

“வாயால சொன்னா எனக்கு வெளங்காது.”

வராந்தா நிறைய ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோமளவல்லி தோளில் போர்த்தியிருந்த முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் சுவரில் ஊன்றிக் குனிந்து நின்றாள்.

“கைய வெச்சிக் காட்டுங்க” என்றாள்.